இறங்கும் காலத்துக்கும் ஒரு விதி வேண்டும்: குத்துச்சண்டை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களுக்கு லைசென்ஸ் வழங்கும் ஆணையங்கள், உலகப் பட்டங்களை வழங்கும் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ அமைப்புகள்.

வணக்கம்.

ஒரு குத்துச்சண்டை வீரர் மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நீங்கள் நிற்கிறீர்கள். தரவரிசை போடுகிறீர்கள், பெல்ட் கட்டிவிடுகிறீர்கள், யாரோடு யார் மோதியே ஆக வேண்டும் என்று உத்தரவு போடுகிறீர்கள். பட்டப் போட்டி என்றால் அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொள்கிறீர்கள். அவர் இறங்கத் தொடங்கியதும் உங்களைக் காணவில்லை. அந்தக் காலத்துக்கென்று உங்களிடம் இருக்கும் விதிகள் மிகக் குறைவு. இருப்பவையும் எல்லை தாண்டினால் பல நேரம் செல்லாமல் போகின்றன. இதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏற்றம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் ரசிகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெச்சூரில் பேர் வாங்கிய ஒரு இளைஞர், சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் புரமோட்டர் ஒருவரிடம் கையெழுத்துப் போடுகிறார். முதல் சில சண்டைகள் நான்கு ரவுண்டு, அப்புறம் ஆறு, எட்டு, பத்து. எதிராளியை அவர் தேர்ந்தெடுப்பதில்லை, சண்டைக்கு ஜோடி சேர்க்கும் மேட்ச்மேக்கர் தேர்ந்தெடுக்கிறார். முதலில் ஆபத்தில்லாதவர்கள், பிறகு அனுபவசாலிகள், பிறகு ஒரு காலத்தில் பெரிய ஆளாக இருந்து இப்போது தளர்ந்துவிட்ட ஒருவர். அந்தக் கடைசி ஆளின் பெயர்தான் இளைஞரின் கணக்கில் பெரிய வெற்றியாக ஏறும். ஒருவருடைய ஏற்றம் இன்னொருவருடைய இறக்கத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. அதனால் இறங்குகிறவருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அவர் பெயருக்கு விலை இருக்கும்வரை யாராவது ஒருவர் போனில் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

இதே அமைப்பின் மறுபக்கத்தில் பீட்டர் பக்லி போன்றவர்கள் இருக்கிறார்கள். பர்மிங்காம்காரர். 1989 முதல் 2008 வரை 300 தொழில்முறைச் சண்டைகள். வென்றது 32, தோற்றது 256, மீதி டிரா. பின்னாளில் உலக சாம்பியன் ஆனவர்கள் சிலர் தங்கள் ஆரம்ப காலத்தில் அவரோடு மோதிப் பாடம் கற்றிருக்கிறார்கள். எப்படித் தோற்பது, எப்படி அடிபடாமல் தோற்பது என்று தெரிந்திருந்த கெட்டிக்காரர் அவர். அவரை மதிக்கிறேன். ஆனால் அவ்வளவு சாமர்த்தியம் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

சரி, இறக்கத்துக்கு வருகிறேன். முதலில் போவது கால். அப்புறம் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் அந்த வேகம். குத்தின் பலம் கடைசியில்தான் போகும், அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடைக் குத்திக் காட்டும்போது பழைய ஆள் மாதிரியே தெரிவார். பத்திரிகைக்காரர்களும் ‘பழைய வேகம் திரும்பிவிட்டது’ என்று எழுதுவார்கள். ரிங்குக்குள் போனால் முன்பு காதோரம் உரசிப்போன குத்து இப்போது தாடையில் இறங்குகிறது.

ராய் ஜோன்ஸ் ஜூனியரைப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டபடி, பாடப்புத்தகத்தில் இல்லாத கோணங்களிலிருந்து குத்தியவர். உடம்பின் வேகமே அவருக்குத் தற்காப்பு. மிடில்வெயிட் என்ற நடுத்தர எடைப் பிரிவில் சாம்பியனாக இருந்தவர், 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று, மிக அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட் பட்டத்தையும் எடுத்தார். உச்சம் என்றால் அதுதான். 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டிலேயே அவரை வீழ்த்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் கிளென் ஜான்சன் ஒன்பதாவது ரவுண்டில் அவரை நினைவிழக்கச் செய்தார். அந்த இரவில் அவர் விழுந்து கிடந்த நேரம் பார்த்தவர்களுக்கு மறக்காது. அதோடு முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முடியவில்லை. 2009-இல் ஆஸ்திரேலியாவில் முதல் ரவுண்டிலேயே தோல்வி, 2011-இல் மாஸ்கோவில் கடைசி ரவுண்டில் நாக் அவுட், 2015-இல் மறுபடி மாஸ்கோவில் நாக் அவுட். 2018-ஐயும் தாண்டிப் போனது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேச முகமது அலியின் கதையை விட்டால் வேறு வழியில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை என்று நினைக்கிறோம். 1974-இல் கின்ஷாசாவில் அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியது தெரியும். 1975-இல் மணிலாவில் ஜோ ஃப்ரேசியரோடு பதினான்கு ரவுண்டு அடித்துக்கொண்டது தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் வேகமாகக் கடந்துபோகிறோம்.

1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு பதினைந்து ரவுண்டு. அலி ஜெயித்தார், ஆனால் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேக்கோ சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் எழுதினார். பதில் வரவில்லை. அவர் அந்தக் குழுவை விட்டு விலகினார். மேடிசன் ஸ்கொயர் கார்டனின் மேட்ச்மேக்கர் டெடி பிரென்னர், இனி இந்த அரங்கத்தில் அலிக்குச் சண்டை கொடுக்க மாட்டேன் என்று அறிவித்தார். பாருங்கள், ‘போதும்’ என்று சொன்னவர்கள் ஒரு டாக்டரும், டிக்கெட் விற்றுப் பிழைக்கும் ஒரு அரங்கத்தின் ஆளும். ஆணையங்கள் சொல்லவில்லை.

1978-இல், அதுவரை வெறும் ஏழே தொழில்முறைச் சண்டைகள் போட்டிருந்த லியான் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்து, ஏழு மாதத்தில் திரும்ப வாங்கி, 1979-இல் ஓய்வு பெற்றார். மறுபடி வந்தார். 1980-இல் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸோடு சண்டை போட நெவாடா ஆணையத்திடம் லைசென்ஸ் கேட்டபோது அவருக்கு வயது 38. ஆணையம் கேட்டுக்கொண்டதால் மாயோ கிளினிக்கில் பரிசோதனை நடந்தது. பேச்சில் ஒருங்கிணைப்புக் குறைவு, விரலால் மூக்கைத் தொடுவதில் லேசான தவறு, ஒற்றைக் காலில் குதிப்பதில் எதிர்பார்த்த லாவகம் இல்லை என்பதெல்லாம் அந்த அறிக்கையிலேயே இருந்தன. ஆனால் சண்டைக்குத் தடை சொல்லும்படியான குறிப்பிட்ட கோளாறு எதுவும் இல்லை என்று அறிக்கை முடிந்தது. லைசென்ஸ் கிடைத்தது. 1980 அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் பத்து ரவுண்டு நடந்தது. புள்ளி போடும் மூன்று நடுவர்களுமே பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்குத்தான் கொடுத்தார்கள். பத்தாவது முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார்.

அத்தோடும் விடவில்லை. 1981 டிசம்பரில், பஹாமாஸ் நாட்டின் நாசாவ் நகரில், ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு பத்து ரவுண்டு. சரியான ஏற்பாடுகள்கூட இல்லாத நிகழ்ச்சி. ரவுண்டை அறிவிக்க முறையான மணி இல்லாமல் மாட்டு மணியை அடித்தார்கள். 1984-இல் அவருக்கு பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பது உறுதியானது. அவருடைய நோய்க்கு முழுக் காரணமும் குத்துச்சண்டைதானா என்று மருத்துவர்கள் வாதிடலாம். நான் கேட்பது அதை அல்ல. காலில் லாவகம் இல்லை, பேச்சில் ஒருங்கிணைப்புக் குறைவு என்று எழுதப்பட்ட காகிதம் கையில் இருந்தும், ஓர் உலக சாம்பியன் முன்னால் அந்த மனிதரை நிறுத்த எப்படி மனம் வந்தது?

அன்றைக்குக் கேட்ட கேள்வி தப்பு. ‘இவருக்கு நோய் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ‘இவர் ஐந்து வருடம் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டிருக்க வேண்டும். பல இடங்களில் இன்றைக்கும் கேட்பது அந்தப் பழைய கேள்விதான். ஸ்கேன் எடுக்கிறார்கள், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்றால் சண்டைக்குத் தகுதி. ஆனால் குத்துச்சண்டை வீரரின் மூளையை அரிக்கும் அந்த மெதுவான சேதம் ஸ்கேனில் ஆரம்பத்தில் தெரிவதே இல்லை. சிடிஇ என்று சொல்லப்படும் அந்த நோயை உறுதியாகச் சொல்ல, இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்ப்பதுதான் இன்றுவரை வழி.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற டாக்டர், குடிக்காமலே குடித்தவர்போல் தள்ளாடும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார். 1969-இல் பிரிட்டனில் ஏ.ஹெச். ராபர்ட்ஸ் 224 முன்னாள் தொழில்முறை வீரர்களைப் பரிசோதித்தார். 37 பேருக்கு நரம்பு மண்டலத்தில் சேதத்தின் அடையாளம் இருந்தது, ஏறக்குறைய ஆறில் ஒருவர். எத்தனை ஆண்டு ஆடினார், எத்தனை சண்டை போட்டார் என்பது கூடக்கூட அதுவும் கூடியது. 1973-இல் கோர்செல்லிஸ் குழுவினர் இறந்துபோன 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, சேதம் எப்படி இருக்கும் என்று விவரமாக எழுதினார்கள். சேதம் ஒரே ஒரு நாக் அவுட்டில் வருவதல்ல. சேர்ந்து சேர்ந்து வருவது. அதில் பாதிக்கு மேல் ரசிகர்கள் பார்க்காத இடத்தில், ஜிம்மில், ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டையில் வருகிறது என்பது என் எண்ணம். ஒரு சண்டைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வாரம் பயிற்சி முகாம் நடக்கும். அங்கே வாங்கும் அடி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அங்கே விழுந்தால் எண்ண நடுவர் இல்லை, கட்டாய ஓய்வும் இல்லை.

மெல்ட்ரிக் டெய்லர் என்று ஒருவர். 1984 ஒலிம்பிக் தங்கம். 1990 மார்ச் 17-ஆம் தேதி ஹூலியோ சீசர் சாவேஸோடு மோதினார். புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இருவருடைய கணக்கில் முன்னணியில் இருந்தார். கடைசி ரவுண்டில் விழுந்து எழுந்தவரைப் பார்த்து, மணி அடிக்க இரண்டே விநாடி இருக்கும்போது ரிங்குக்குள் இருந்த நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு விநாடியைப் பற்றியே ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் அந்த இரவில் அவர் முகத்தில் எலும்பு முறிந்திருந்தது, ரத்தத்தை விழுங்கியிருந்தார், அதற்குப் பிறகும் 2002 வரை சண்டை போட்டார் என்பது. இடையில் இன்னொரு பட்டமும் வென்றார், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. பின்னாளில் டிவியில் அவர் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தப் பேச்சு எவ்வளவு குழறியிருந்தது என்று. அந்த இரண்டு விநாடிக்கு விவாதம் உண்டு. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு விவாதமே இல்லை.

‘அவர் வயதுவந்த மனிதர், அவர் உடம்பு, அவர் முடிவு’ என்பார்கள். இந்த வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. வீரருடைய விருப்பத்துக்கு மரியாதை வேண்டும். ஆனால் எந்த நிலைமையில் அந்த முடிவை எடுக்கிறார் என்று பாருங்கள். பதினைந்து இருபது வருடமாக, வலித்தாலும் வலிக்கவில்லை என்று நடிக்கப் பழக்கப்பட்டவர். சந்தேகப்படுவதே தோல்வி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். சுற்றியிருப்பவர்களில் மேனேஜர், பயிற்சியாளர், புரமோட்டர் எல்லோருக்கும் அவர் சண்டை போட்டால்தான் வருமானம். முடிவு எடுக்கும் மூளையே அடி வாங்கியிருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும்’ என்றுதான் சொல்வார். மாற்றிச் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் சாம்பியனே ஆகியிருக்க மாட்டார்.

பணமும் இருக்கிறது. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காத்தவர். 1942-இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தவர். அவரை வருமான வரி பாக்கி துரத்தியது. ஓய்விலிருந்து திரும்பி வந்து, 37 வயதில், 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது ரவுண்டில் கயிறு தாண்டி விழுந்தார். மார்சியானோவுக்கு லூயிஸ்தான் நாயகன். ஜெயித்த பிறகு அவரும் அழுதார். முப்பது கோடி டாலருக்கு மேல் சம்பாதித்த மைக் டைசன் 2003-இல் திவால் மனு கொடுத்தார். 2005-இல் பெயர் தெரியாத ஒருவரிடம் ஸ்டூலிலிருந்து எழாமல் தோற்று, இனி இதற்கு மனம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரைப் பிடிக்கும். அதே டைசனுக்கு 2024-இல், 58 வயதில், டெக்சஸில் தொழில்முறைச் சண்டைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கோபப்படுத்துவது முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்ட் விஷயம். 2004 நவம்பரில் லாரி டொனால்டிடம் மோசமாகத் தோற்றதும் நியூயார்க் ஆணையம் அவரை இடைநீக்கம் செய்தது. திறன் குறைந்துவிட்டது, இனி ஆபத்து என்பது காரணம். உங்களில் ஒருவர் சரியாக, துணிச்சலாகச் செய்த வேலை அது. என்ன ஆயிற்று? 2006-இல் டெக்சஸில் ஏறினார். அதற்குப் பிறகு ரஷ்யா, சுவிட்சர்லாந்து, டென்மார்க் என்று 2011 வரை போனது. 2021-இல், 58 வயதில், கலிஃபோர்னியாவில் அனுமதி கிடைக்காத சண்டையை ஃபுளோரிடாவுக்கு மாற்றி அவரை ஏற்றினார்கள். முதல் ரவுண்டிலேயே முடிந்தது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு சட்டம், ஒரு மாநிலத்தின் மருத்துவ இடைநீக்கத்தை மற்ற மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ‘மருத்துவ’ என்பதை ‘நிர்வாக’ என்று மாற்றி எழுதினால் கதவு திறக்கிறது. நாட்டு எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டமும் கிடையாது. ஓர் ஆணையம் வேண்டாம் என்றால் இன்னொன்று வேண்டும் என்கிறது. அப்படியென்றால் ‘வேண்டாம்’ என்று சொன்னவரின் துணிச்சலுக்கு என்ன மதிப்பு?

இது எங்கள் பொறுப்பு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1991 செப்டம்பர் 21-ஆம் தேதி லண்டனில் கிறிஸ் யூபாங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் மூளையில் ரத்தக்கட்டோடு சரிந்தார். ரிங் அருகில் உயிர்காக்கும் கருவிகளோடு தயாரான குழு இல்லை. நாற்பது நாள் கோமா. அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். விதிகளை வகுக்கும் அமைப்புக்கு வீரரின் பாதுகாப்பில் சட்டப்படியான கடமை உண்டு என்று 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. நியூயார்க்கில் 2013-இல் சண்டைக்குப் பிறகு மூளை பாதிக்கப்பட்ட மகோமெத் அப்துசலாமோவின் குடும்பத்துக்கு மாநில அரசு 2017-இல் 2.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வாட்சன் வழக்குக்குப் பிறகு ரிங் ஓரத்தில் மருத்துவ ஏற்பாடு மேம்பட்டது. ஒரே இரவில் நடக்கும் விபத்துக்கு இவ்வளவு செய்ய முடிந்தவர்களால், பத்து வருடத்தில் நடக்கும் விபத்துக்கும் செய்ய முடியும்.

வயது வரம்பு போடச் சொல்லவில்லை. ஃபோர்மன் 45 வயதில், 1994-இல், உலகப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஐம்பதை நெருங்கும்வரை சாம்பியனாக இருந்தார், அதுவும் அதிகம் அடி வாங்காமல். டெய்லருக்கோ இருபத்துமூன்று வயதிலேயே அந்த இரவு வந்துவிட்டது. பிறந்த தேதி ஒன்றும் சொல்லாது.

சொல்லக்கூடியது அவரவர் உடம்பின் பழைய கணக்குதான். முதல் லைசென்ஸ் கொடுக்கும் அன்றே அவருடைய பேச்சு, நினைவாற்றல், எதிர்வினை வேகம், உடல் சமநிலை எல்லாவற்றையும் அளந்து பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே சோதனை. இன்னொருவரோடு ஒப்பிட வேண்டாம், அவருடைய முதல் நாளோடு ஒப்பிடுங்கள். லாஸ் வேகாஸில் கிளீவ்லாண்ட் கிளினிக் 2011 முதல் சண்டை வீரர்களை ஆண்டாண்டாக இப்படித் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. முடியாத காரியம் இல்லை. முடிவைப் படிக்கிற டாக்டர் புரமோட்டரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். ஜிம்மில் விழுந்ததையும் பயிற்சியாளர் எழுதித் தர வேண்டும், மறைத்தால் அவர் லைசென்ஸ் போக வேண்டும்.

பட்ட அமைப்புகள் நான்குக்கும் ஒரு தனி வேண்டுகோள். உங்கள் பெல்ட் வேண்டும் என்பதற்காகப் புரமோட்டர்கள் எவ்வளவு தூரமும் வருவார்கள். அந்தப் பலத்தைப் பயன்படுத்துங்கள். எங்காவது உடல்நிலை காரணமாக நிறுத்தப்பட்டவரை வேறிடத்தில் ஏற்றுகிற புரமோட்டருக்குப் பட்டப் போட்டி கிடையாது என்று நான்கு பேரும் சேர்ந்து ஒரே ஒரு விதி போட்டால் போதும், நாசாவ், மாஸ்கோ சண்டைகள் போன்றவை நடக்காது. நீங்கள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை ஓய்வூதியத்துக்கு ஒதுக்குங்கள். கலிஃபோர்னியா 1980-களிலிருந்தே டிக்கெட் பணத்திலிருந்து ஒரு சிறு தொகை எடுத்துத் தன் மாநிலத்தில் ஆடிய வீரர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. ஒரு மாநிலத்தால் முடிந்தது உலக அமைப்புகளால் முடியாதா? கையில் கொஞ்சம் பணம் இருக்கும் என்று தெரிந்தாலே, அந்தக் கடைசி இரண்டு மூன்று சண்டைகளைப் பல பேர் போட மாட்டார்கள். அது பெயர்பெற்ற சாம்பியனுக்கு மட்டும் இல்லாமல், பக்லி போல எதிர் மூலையில் நின்றவர்களுக்கும் சேர வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். கடந்த ஓராண்டில் எத்தனை வீரர்களுக்கு உடல்நிலை காரணமாக லைசென்ஸ் மறுத்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் வேறு எங்கோ போய் ரிங் ஏறினார்கள் என்ற கணக்கை, பெயர்களை வெளியிடாமல், ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இந்த ஆண்டுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
குத்துச்சண்டையை நேசிக்கும் ஒரு ரசிகர்